மலைச்சுவரில் ஏறிய மீன்காரி

சாரான் தியென்தா ஓடத்தில் பிறந்தவள். நைஜர் ஆற்றில் வெள்ளம் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்த மாதம் அது. அவளுடைய அம்மா வலை இழுத்துக்கொண்டிருந்தபோது வலி கண்டது. கரை சேர்வதற்குள் பிள்ளை வந்துவிட்டது. ஆற்றில் மீன்பிடித்தே வாழும் போசோ சனங்களுக்கு இதெல்லாம் ஒரு அதிசயமே இல்லை. அன்றைக்கு விழுந்த மீனை அப்பா எண்ணெயில் பொரித்துப் பக்கத்து ஓடங்களுக்குக் கொடுத்தாராம், அவ்வளவுதான்.

அப்படிப் பிறந்தவளுக்கு உலகம் தட்டையாகவே இருந்தது. ஆறு தட்டை, மணல் தட்டை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாடு மேயும் புல்வெளியும் தட்டை. சுழலில் ஓடம் சுற்றினால்கூடச் சிரித்துக்கொண்டே துடுப்புப் போடுவாள். ஆனால் மீன் காயப்போட வீட்டு மாடிக்கு ஏறச் சொன்னால் ஏணியின் பாதியில் நின்றுவிடுவாள். கால் நடுங்கும், கண் இருட்டும், வாய் மட்டும் தங்கச்சியைக் கூப்பிடும்.

அவளுடைய புருஷன் ஸோரி காய்ச்சலில் போனபோது கைக்குழந்தையோடு சேர்த்து நான்கு பிள்ளைகள். வழக்கப்படி ஸோரியின் தம்பிக்கு அவளைக் கட்டிவைக்கப் பெரியவர்கள் பேசினார்கள். தம்பிக்கு ஏற்கெனவே இரண்டு பெண்டாட்டிகள். அவர்களுக்கே வயிறார இல்லாத வீட்டில் மூன்றாவதாகப் போய் உட்கார அவளுக்கு மனசில்லை. "எனக்குப் புருஷன் வேண்டாம், புகை அடுப்பு போதும்" என்றாள். ஓடத்தையும் வலையையும் புருஷன் வீட்டார் எடுத்துக்கொண்டார்கள். அடுப்பு அவளுக்கு மிஞ்சியது.

அவர்களுடைய ஆற்றங்கரைப் பட்டணமான மோப்தியில் தடுக்கி விழுந்தால் மீன்காரி மேல்தான் விழ வேண்டும். அங்கே புதிதாக ஒருத்தி கடை போட்டுப் பிழைக்க முடியாது. அதனால் சாரான் புகைபோட்ட மீனைக் கூடை கூடையாகக் கட்டிக் கிழக்கே போகும் லாரியில் ஏறினாள். லாரி பீடபூமியைக் கடந்து, கற்களில் குதித்துக் குதித்து, மலைச்சுவரின் அடிவாரத்தில் கூடும் தோகோன் சனங்களின் சந்தையில் அவளை இறக்கிவிட்டது. அங்கே மீன் அபூர்வம். அதைவிடப் பெரிய காரணம், அது கேலி உறவுக்காரர்கள் ஊர்.

போசோக்காரனுக்கும் தோகோன்காரனுக்கும் நடுவில் உள்ள உறவு அப்படி. பஞ்ச காலத்தில் ஒருவன் தன் தொடைச்சதையை அறுத்து இன்னொருவன் பிள்ளைக்கு ஆக்கிப் போட்டான் என்பார்கள். அன்றிலிருந்து ஒருவரை ஒருவர் எப்படி வேண்டுமானாலும் ஏசலாம், கோபப்படக் கூடாது. ஒருவர் ரத்தத்தை மற்றவர் சிந்தக் கூடாது. பெண் கொடுத்து எடுக்கக் கூடாது. ஒருவர் வந்து மடியேந்திவிட்டால் மற்றவர் இல்லை என்று சொல்லவே கூடாது.

முதல் நாள் சாரான் பாயை விரித்த இடத்துக்குப் பக்கத்தில், இடித்துக் காயவைத்த வெங்காய உருண்டைகளைக் குவித்துவைத்து ஒரு மெலிந்த பெண் உட்கார்ந்திருந்தாள். மூக்கைத் தலைத்துணியால் பொத்திக்கொண்டு சாரானை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரடி இவ, செத்ததையெல்லாம் கொண்டாந்து என் மூக்குக்குக் கீழ வைக்கிறவ?"

"ஆத்துல உசுரோடதான் இருந்துச்சு. உன் வெங்காய நாத்தம் பட்டுத்தான் செத்துப்போச்சு" என்றாள் சாரான்.

வெங்காயக்காரியின் பெயர் யாசிகின். பாறைக்கு நடுவில், பாதி உயரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் தோரோகொம்மோ ஊருக்கு வாழ்க்கைப்பட்டவள். அன்று சாயங்காலம் யாசிகின் ஒரு உருண்டையைச் சாரானின் கூடையில் போட்டாள், சாரான் ஒரு மீனை அவள் கூடையில் போட்டாள். அதற்குப் பிறகு சந்தைதோறும் இரண்டு பாயும் ஒட்டியே விரிந்தன. சாரானின் பிள்ளைகள் வளர்ந்து தாங்களே வலை வீசத் தொடங்கிய பிறகும் அவள் அந்தச் சந்தையை விடவில்லை.

யாசிகின் கூப்பிடாத சந்தை இல்லை. "ஒரு நாளு மேல வாடி. என் வீட்டைப் பாரு, என் தோட்டத்தைப் பாரு. காலையில ஏறினா சாயங்காலம் இறங்கிடலாம்."

"நான் என்ன குரங்கா? உங்க முப்பாட்டனுங்க பயந்து ஓடிப்போய்ப் பல்லி மாதிரி சுவத்துல ஒட்டிக்கிட்டா, அதுக்கு நானுமா ஒட்டணும்? வீடு கட்ட பூமியில இடமா இல்ல?"

"தண்ணிமேல மிதக்கிற குப்பைக்கு வீட்டைப் பத்தி என்ன தெரியும்!"

இப்படியே வருஷங்கள் போயின. சந்தை முடிந்த மறுநாள் சாயங்காலம்தான் லாரி திரும்பும். அந்த ஒரு பகல் முழுவதும் சாரான் அடிவாரத்துப் புளியமர நிழலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, தலைக்குமேல் எழும்பி நிற்கும் அந்தச் சுவரைப் பார்க்காமல் முதுகைத் திருப்பிக்கொள்வாள்.

மழைக்காலம் முடிந்து வந்த ஒரு சந்தையில் யாசிகினின் பாயில் வெங்காய உருண்டைகள் பாயின் ஒரு மூலையை நிறைக்கக்கூட இல்லை.

"என்னடி, எல்லாத்தையும் நீயே தின்னுட்டியா? அதான் இந்த நாத்தக் காத்தா?" என்றாள் சாரான்.

யாசிகின் பதிலுக்கு ஏசவில்லை. இத்தனை வருஷத்தில் யாசிகின் ஏச்சுக்குப் பதில் ஏச்சு வைக்காமல் இருந்ததே இல்லை. தன் பிள்ளை இறந்த வருஷம்கூட அழுதுகொண்டே ஏசினாள்.

"அணை உடைஞ்சு போச்சு" என்றாள் யாசிகின்.

ஊருக்குப் பின்னால் பாறை இடுக்கில் ஒரு ஊற்று. அதற்குக் குறுக்கே கல்லடுக்கி மண் பூசி ஒரு சுவர் எழுப்பித் தண்ணீரைத் தேக்குவார்கள். வெறும் பாறைமேல் கூடை கூடையாக மண் சுமந்து கொட்டிப் பாத்தி கட்டி, அந்தத் தண்ணீரைச் சுரைக்குடுவையில் மொண்டு ஊற்றித்தான் வெங்காயம் விளையும். போன வருஷம் சுவரில் விரிசல். இந்த மழையில் அது வாயைப் பிளந்துவிட்டது. இப்போதே அடைக்காவிட்டால் ஊற்று மெலிந்து, நடவு காய்ந்து, வருஷமே போய்விடும்.

"கட்டறதுக்கென்ன, உங்க ஊரு ஆம்பளைங்களுக்குக் கையில்லையா?"

"பாதிச் சுவரு எங்க வீட்டு மனுஷன் கையில. பாதி அவரு தம்பி தோகொலு கையில. ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல. முதல் கல்லை யாரு வைக்கிறதுன்னு ரெண்டு பேருமே வைக்கல. ஊரும் ரெண்டாப் பிரிஞ்சு நிக்குது."

"எதுக்குச் சண்டை?"

யாசிகின் அக்கம்பக்கம் பார்த்தாள். "சிரிச்சதுக்கு."

சாவடியில் நடந்ததாம். தோகோன் சாவடிக் கூரை இடுப்புயரத்துக்குத்தான் இருக்கும். கோபம் வந்தவன் எழுந்து கைநீட்டக் கூடாது என்றே பெரியவர்கள் அப்படிக் கட்டிவைத்தார்கள். தோட்ட எல்லையைப் பற்றிப் பேச்சு முற்றியதும், யாசிகினின் புருஷன் அனாயி அதை மறந்து விசுக்கென்று எழுந்திருக்கிறார். உத்தரத்தில் தலை மோதி ரத்தம் வழிந்திருக்கிறது. தம்பி தோகொலு வாய்விட்டுச் சிரித்துவிட்டான். ஊரே சிரித்திருக்கலாம், கூடப் பிறந்தவன் சிரிக்கலாமா என்று அனாயி அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

கேட்டதும் சாரானுக்கே சிரிப்பு வந்தது. தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். யாசிகின் சிரிக்கவில்லை.

"நடுவுல பேச ஒருத்தருமா இல்ல?"

"யாரு பேசினாலும் நீ அவன் கட்சின்னு சொல்லிடறாங்க. ஒரு போசோ வந்து கேட்டாத்தான் உண்டு." யாசிகின் உருண்டைகளைத் திருப்பித் திருப்பி அடுக்கினாள். "எனக்கு வாச்ச போசோவோ மூட்டைமேல ஏறி உக்காரவே கால் நடுங்குறவ."

அன்றைக்கு விலை பேசியவர்களிடம் சாரான் ஒட்டுதலாகப் பேசவில்லை. வெயில் தாழ்ந்து கூடைகளைக் கட்டும்போது, "நாளைக்கு விடிஞ்சதும் உங்கூட வரேன். கீழே விழுந்து செத்தேன்னா என் பிள்ளைங்ககிட்ட நீதான் பதில் சொல்லணும்" என்றாள்.

விடிந்தும் விடியாமலும் இரண்டு பேரும் கிளம்பினார்கள். சாரான் நல்ல கனத்த உடம்புக்காரி. சரிந்து கிடந்த பெரும்பாறைகள் வரைக்கும் மூச்சிரைத்தாலும் நடந்துவிட்டாள். அதற்குமேல் வழி ஒரு பிளவுக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் கல், நடுவில் ஆள் அகலம். அதுவும் அவளுக்குப் பிடித்தது, ஏனென்றால் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சுவர் இருந்தது. யாசிகின் தலையில் தண்ணீர்ப் பானையோடு முன்னால் ஆடு மாதிரி போய்க்கொண்டிருந்தாள்.

பிளவு முடிந்த இடத்தில் சாரான் நின்றுவிட்டாள்.

வழி அங்கே அறுந்திருந்தது. இந்தப் பாறைக்கும் அந்தப் பாறைக்கும் நடுவில் ஒரு பள்ளம், அதற்குக் குறுக்கே ஒரு மரம் கிடந்தது. காலகாலமாகக் கால் பட்டு வழவழப்பாகிப்போன மரம். கீழே பார்த்தாள். சந்தைத் திடல் ஒரு பாய் அளவுக்குத் தெரிந்தது. புளியமரம் கீரைக்கட்டு மாதிரி இருந்தது.

யாசிகின் பேச்சுக்கு நடுவிலேயே அந்த மரத்தைக் கடந்துவிட்டாள். திரும்பிப் பார்த்து, "என்ன, அங்கேயே குடியிருக்கப் போறியா?" என்றாள்.

"இதுல எப்படிடி வர்றது?"

"காலால."

"என் கால் வராதுங்குது."

மேலே வீடுகளின் மாடிகளில் தலைகள் முளைத்தன. போசோக்காரி ஒருத்தி ஏறி வருகிறாள் என்ற செய்தி அவளுக்கு முன்பே ஏறிவிட்டிருந்தது. "ஏ மீனு! தண்ணி இல்லாம தவிக்குதா?" என்று ஒரு ஆண்குரல் கேட்டது. "வலை போட்டு இழுங்கடா!" என்றது இன்னொன்று. பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

சாரான் பிளவின் வாயில் உட்கார்ந்துவிட்டாள். திரும்பிவிடலாம். யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் கேலியாகத்தான் சொல்வார்கள், கேலிக்குக் கோபப்படக் கூடாது. ஆனால் எதிர்ப்பக்கம் நிற்கும் யாசிகின் சிரிக்கவில்லை. பானையை இறக்கி வைத்துவிட்டு, வெறும் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். சந்தையில் உருண்டைகளைத் திருப்பித் திருப்பி அடுக்கிய அதே விரல்கள்.

சாரான் அந்த மரத்தைப் பார்த்தாள். நீளம், உருண்டை, நடுவில் லேசாகக் குழி. இரண்டு முனையும் கல்லில் ஊன்றியிருந்தது. இது ஓடம் இல்லையா என்று நினைத்தாள். ஆடுகிற ஓடத்திலேயே பிறந்தவளுக்கு ஆடாத ஓடம் எதற்குப் பயம்? இடுப்புத்துணியை முழங்காலுக்குமேல் இழுத்துச் செருகி, மரத்தின் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்தாள். கையை முன்னால் ஊன்றி உடம்பை இழுத்தாள். மறுபடி ஊன்றி, மறுபடி இழுத்தாள். ஓடத்தில் போகும்போது தண்ணீரைப் பார்க்கிறவர்கள் அவள் சனத்தில் யாரும் கிடையாது, போகிற கரையைத்தான் பார்ப்பார்கள். அவளும் யாசிகினின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள். துடுப்புப் போடுகிறவர்கள் பாடும் பாட்டு ஒன்று, ஏலேலோ போட்டு, தானாக வாயில் வந்தது. முதலில் முனகலாக வந்தது, நடு மரத்தில் முழுக்குரலாயிற்று.

மாடிகளில் சிரிப்பு அடங்கியது. அவள் அந்தக் கரையில் கையை வைத்தபோது மேலேயிருந்து பெண்கள் குலவையிட்டார்கள்.

"எங்கடி ஓடத்தைக் கட்டிவைக்கிறது?" என்றாள் சாரான். யாசிகின் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

ஊருக்குள் நுழைந்ததும் கும்பிடும் நலமும் தொடங்கின. நீ நலமா, பிள்ளைகள் நலமா, ஓடம் நலமா, ஆறு நலமா என்று ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்துக்கொண்டார்கள். தலைக்குமேல் பாறை கவிந்து வானத்தை மறைத்திருந்தது. வீடுகளும் கூம்புக்கூரைக் குதிர்களும் அதன் மடியில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. சாரான் கவனித்தது வேறு ஒன்றை. வழியில் நின்றவர்கள் இரண்டு கும்பலாக நின்றார்கள். ஒரு கும்பல் நலம் கேட்கும்போது மற்றது வாயை மூடிக்கொண்டது.

சாவடியில் அனாயி ஒரு கல்தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் தழும்பு தெரிந்தது. தோகொலு சற்றுத் தள்ளி, தன் வீட்டு வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். ஒருவர் கண் ஒருவர்மேல் படாத மாதிரி இரண்டு பேரும் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள்.

வழி நெடுகச் சாரான் என்ன பேசுவது என்று யோசித்துவைத்திருந்தாள். நல்ல வார்த்தைகள், பொறுமையான வார்த்தைகள். அந்த இரண்டு முதுகுகளையும் பார்த்ததும் அதெல்லாம் பறந்துவிட்டது. இவர்களுக்கு நல்ல வார்த்தை சொல்லாதவர்களா இந்த ஊரில் இருக்கிறார்கள்?

சாவடிக்கு முன்னால், ஊருக்கு நட்டநடுவில், அவள் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஐயையோ, என்ன ஆச்சு?" என்று நாலைந்து பேர் ஓடிவந்தார்கள்.

"செத்துட்டேன்" என்றாள் சாரான்.

சுற்றிக் குனிந்தவர்களிடம் அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"ஒரு போசோவை மரத்துமேல ஏறவிட்டு, கால்ல ரத்தம் வர வச்சு, சாகடிச்சுட்டீங்க. இந்தாப் பாரு முழங்கால, தோல் உரிஞ்சிருக்கு. போசோ ரத்தம் தோகோன் கல்லுல விழுந்தாச்சு. இனி இந்த ஊர்ல மழை எப்படிப் பெய்யும்னு நானும் பாக்குறேன்."

அனாயி சாவடிக்குள்ளிருந்து தவழ்ந்து வெளியே வந்தார். "எந்திரிம்மா மீனு. விளையாடாத. சாப்பிட வா."

"பிணம் சாப்பிடாது. எடுத்து அடக்கம் பண்ணு. உங்க ஊருப் பிணங்க மாதிரி என்னைக் கயிறு கட்டி மேல குகைக்கு இழுத்தீங்கன்னா ஆவியா வந்து தானியக் குதிர் அத்தனையும் காலி பண்ணுவேன். நான் தண்ணிக்காரி. தண்ணி பக்கத்துல வைக்கணும். அணைகிட்ட கொண்டுபோங்க."

"சரி, ஆளுங்களைக் கூப்பிடறேன்."

"கண்டவன் தூக்கக் கூடாது. நீ தலைப்பக்கம், உன் தம்பி கால்பக்கம். வேற ஆளு கைபட்டா நான் அசையமாட்டேன். போசோ கேக்குறேன். முடியாதுன்னு சொல்லு பாப்போம்!"

அனாயி தரையைப் பார்த்தார். போசோவிடம் முடியாது என்ற சொல்லை அவர் அப்பா சொன்னதில்லை, தாத்தாவும் சொன்னதில்லை. கயிறு திரித்துக்கொண்டிருந்த தோகொலுவின் கை நின்றது. அவன் முதுகில் பெண்டாட்டி ஒரு குத்து விட்டாள். "போய்யா! போசோ சாபம் யாருக்கு வேணும்?"

வெங்காயம் காயப்போடும் பாய் ஒன்றை யாசிகின் கொண்டுவந்து விரித்தாள். சாரான் செத்தபடியே அதில் உருண்டு படுத்துக்கொண்டாள். அண்ணன் தலைப்பக்கம் பிடித்தார், தம்பி கால்பக்கம் பிடித்தான். தூக்கினார்கள். பாய் தரையை விட்டு ஒரு சாண் எழும்பி, மறுபடி தரைக்கே வந்தது. ஊர் கெக்கலி கொட்டியது.

"ஆத்து மீன் முழுக்க இவ வயித்துலதான் இருக்கு" என்றார் ஒரு கிழவர்.

மறுபடி தூக்கினார்கள். அணைக்குப் போகிற வழி வீடுகளுக்கு நடுவில் வளைந்து வளைந்து போனது. சாரான் கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். பக்கத்தில் பள்ளம் இருக்கிறதா என்று பார்க்கவும் பயம், பார்க்காமலிருக்கவும் பயம். இரண்டு பேரின் மூச்சும் அவளுக்குக் கேட்டது.

கொஞ்ச தூரம் போனதும் அனாயி யாரையும் பார்க்காமல் சொன்னார்: "தலைப்பக்கம் பாரம் ஜாஸ்தின்னு அவன்கிட்ட யாராவது சொல்லுங்க."

"பிணம் தூது போகாது. நீயே சொல்லு" என்றாள் சாரான், கண்ணைத் திறக்காமல்.

பின்னால் வந்த கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"கால்பக்கம் மட்டும் பஞ்சு மூட்டையாக்கும்?" என்றான் தோகொலு, காற்றைப் பார்த்து.

"நீ எங்க தூக்குற? பாயைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குற!"

சொல்லி முடித்த பிறகுதான் அனாயிக்குத் தான் தம்பியைப் பார்த்து 'நீ' என்று சொல்லிவிட்டது உறைத்தது. கூட்டத்துக்கும் உறைத்தது. சிரிப்பு பட்டென்று நின்றது. காலடி ஓசை மட்டும் கேட்டது. சாரான் பாயில் அசையாமல் கிடந்தாள். இந்த நேரத்தில் ஒரு வார்த்தை அதிகமானாலும் கெட்டுவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. வாழ்நாளில் முதல்தடவையாக ஒரு தோகோனை ஏசாமல் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நடை தொடர்ந்தது. ஒரு திருப்பத்தில் பாய் லேசாகச் சாய்ந்தது.

"அண்ணே, மெல்ல" என்றான் தோகொலு. "அந்தக் கல்லு வழுக்கும்."

அனாயி நின்றுவிட்டார். பாயும் நடுவழியில் நின்றது. சாரான் ஒரு கண்ணை மட்டும் மெல்லத் திறந்தாள். தலைகீழாக அனாயியின் முகம் தெரிந்தது.

"அன்னைக்கு நீ சிரிச்சிருக்கக் கூடாதுடா" என்றார்.

"தப்புதான்ணே."

"வீட்டுக்குப் போனதும் நானே சிரிச்சேன். உத்தரம் அந்த அடி அடிச்சுச்சு, நெனச்சு நெனச்சு சிரிச்சேன். உங்கிட்டச் சொல்ல வாய் வரல."

"அட பாவிகளா!" என்று கத்திக்கொண்டு சாரான் எழுந்து உட்கார்ந்தாள். "இதுக்கா என்னைச் சாகடிச்சீங்க?"

அவள் எழுந்த வேகத்தில் மூன்று பேரும் பாயோடு சரிந்தார்கள். ஊர் சிரித்த சிரிப்பு கவிந்த பாறையில் மோதித் திரும்பி வந்து, ஊரே இரண்டுமுறை சிரித்தது மாதிரி இருந்தது. யாசிகின் சிரித்துக்கொண்டே அழுதாள். தோகொலுவின் பெண்டாட்டி அவள் தோளில் சாய்ந்துகொண்டு, தானும் அழுதுகொண்டே அவள் தலைத்துணியில் மூக்கைத் துடைத்தாள்.

அணையிடம் போனபோது வேறு ஒரு சிக்கல் எழுந்தது.

"நீங்க மூத்தவரு. நீங்க முதல் கல்லை வைங்கண்ணே."

"வேண்டாம்டா. நீ வை."

"நீங்க இருக்கும்போது நான் வைக்கலாமா?"

"நான்தான் சொல்றேனே, வைடா!" அனாயியின் குரல் மறுபடி ஏறியது.

"ஆரம்பிச்சிட்டீங்களா?" சாரான் காலடியில் கிடந்த கல் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி, உடைந்த வாயில் நங்கென்று வைத்தாள். "எங்க வீட்டுப் பண்ணையாளுங்களா, உங்க முதலாளியம்மா கல்லு வச்சாச்சு. இப்ப வேலையைப் பாருங்க!"

பிறகு அங்கே ஒருவரும் சும்மா நிற்கவில்லை. ஆண்கள் வரிசையாக நின்று கல்லைக் கை மாற்றினார்கள். பெண்கள் களிமண்ணை மிதித்துக் கூடையில் சுமந்தார்கள். இத்தனை நாளாக ஒரே வழியில் எதிரெதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் இப்போது ஒருவர் விரலை ஒருவர் நசுக்கிவிட்டுத் திட்டிக்கொண்டார்கள், அந்தத் திட்டு எல்லாருக்கும் இனித்தது. சாரான் ஒரு மேட்டில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு கல்லுக்கும் குறை சொன்னாள். "அது கல்லா, உன் மூஞ்சியா? கோணலா வைக்கிற!" ஆனால் நீர் எந்தப் பக்கம் முட்டும், எங்கே அரிக்கும் என்று பார்த்து, அங்கே ஒரு பெரிய கல்லைச் சாய்த்துவைக்கச் சொன்னதை அனாயி மறுக்காமல் செய்தார்.

நடுவில் கம்பங்களியும் பாவோபாப் மரத்து இலைக் குழம்பும் வந்தன. குழம்பில் சாரான் சந்தைக்குக் கொண்டுவந்த மீன்தான் மிதந்தது. அண்ணனும் தம்பியும் ஒரே சட்டியில் கைவைத்தார்கள். கம்பில் வடித்த கள்ளைச் சாரானுக்கும் நீட்டினார்கள். அவள் தொழுகிறவள், தொடமாட்டாள். "குடிச்சா உங்க மாதிரி கூரையில முட்டிக்கவா?" என்றாள். அனாயி வாய்க்களியோடு சிரித்துப் புரையேறி, தம்பிதான் அவர் முதுகைத் தட்டிவிட்டான்.

வெயில் சாய்ந்தபோது கடைசிக் கூடை மண்ணை அப்பினார்கள். எல்லாரும் சுவரையே பார்த்தார்கள். கலங்கிய நீர் சுவரின் அடிக்கல்லைத் தொட்டது. கொஞ்ச நேரம் தயங்கியது போல நின்றது. பிறகு அடுத்த கல்லைத் தொட்டது. யாசிகின் முழங்காலில் உட்கார்ந்து ஒரு கை நீரை அள்ளிச் சாரானின் முகத்தில் அடித்தாள். அதோடு யாரும் யாரையும் விடவில்லை, நனையாதவர் ஒருவரும் அங்கே மிஞ்சவில்லை.

லாரிக்கு நேரமாகிவிட்டது. யாசிகின் மரம் வரைக்கும் கூட வந்தாள். சாரான் நின்று நடந்து காட்டுவாள் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். அவள் வந்த மாதிரியே உட்கார்ந்து, துணியைச் செருகிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டே கடந்தாள். அதில் அவளுக்கு வெட்கம் எதுவும் இல்லை. பிளவுக்குள் நுழைகிறபோதுதான், காலையில் பார்த்த பள்ளத்தை இப்போது நன்றாகவே எட்டிப் பார்த்துவிட்டாள் என்பது அவளுக்கே தெரிந்தது.

அடிவாரத்துக்கு வந்து திரும்பிப் பார்த்தாள். பாறைச்சுவர் முழுவதும் சாயங்கால வெயிலில் சிவந்து கிடந்தது. மாடிகளிலும் குதிர்களுக்கு நடுவிலும் ஊரே நின்றுகொண்டிருந்தது. மேலேயிருந்து துப்பாக்கி ஒன்று வெடித்தது, பிறகு இன்னொன்று. ஊரில் பெரிய மனுஷர் இறந்தால் வெடிக்கிற பழைய வெடிமருந்துத் துப்பாக்கிகள். "தியென்தா! தண்ணியாளும் தியென்தா! போய் வா, தியென்தா!" என்று ஆண்கள் அவள் குலப்பெயரைச் சொல்லிக் கூவினார்கள்.

சாரான் இரண்டு கையையும் வாய்க்குக் குவித்தாள். அந்தப் பக்கத்துச் சந்தையே கேட்டிருக்கும் குரல் அது.

"நான் இன்னும் சாகலடா! மருந்தை வீணாக்காதீங்க!"

பதிலுக்கு இன்னும் இரண்டு வெடி வெடித்தார்கள்.

அந்த வருஷம் தோரோகொம்மோவில் வெங்காயம் விளைந்த விளைச்சலைப் பற்றிப் பிறகு பல வருஷம் பேசிக்கொண்டார்கள். அண்ணனும் தம்பியும் சண்டையை விட்டுவிடவில்லை. வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே சேர்ந்து பாத்தி கட்டினார்கள். அறுவடைக்குப் பிறகு வந்த சந்தையில் யாசிகின் இறக்கிய கூடைகள் அவளுடைய பாயில் அடங்கவில்லை. வழிந்துபோய்ச் சாரானின் மீன்மேல் உருண்டன.

"தள்ளி உக்காருடி" என்றாள் யாசிகின்.

"ஏன் நான் தள்ளணும்? இது எங்க தண்ணியில விளைஞ்சது" என்றாள் சாரான், ஆனாலும் தள்ளி உட்கார்ந்தாள்.